தானமாக வரும் நச்சு நிலம்

மாசடைந்த நிலங்களைக் கண்டறிந்து சீர்செய்ய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் விதிகளை அறிவித்தது. சுரங்கத்தால் கெட்ட நிலமும் கதிரியக்கக் கழிவால் கெட்ட நிலமும் அவற்றின் வரம்புக்குள் வராதாம். வேம்பார் முதல் திருச்செந்தூர் வரை தாது மணல் படிந்த கரையில் வாழ்பவர்கள் இந்த விலக்கை ஏற்க முடியாது.

அதன் சுமை தானமாக நிலம் பெறுபவர்கள் மீதும் விழும். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளி அறக்கட்டளைக்கும் நிலம் எழுதிவைப்பது இங்கே தலைமுறை வழக்கம். பொறுப்பில் இருப்பவர்கள் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். அடமானம் இருந்தால் தெரிந்துவிடும். மண்ணுக்கு அடியில் கொட்டியது எந்தப் பத்திரத்திலும் வராது. தூத்துக்குடி மாவட்டப் புதுக்கோட்டை அருகே உப்பாற்றங்கரைப் பட்டா நிலத்தில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கறுப்புக் கசடு மேடு மேடாகக் குவிந்ததை ஊரே பார்த்தது. விற்றுவிட்டோம், பொறுப்பு வாங்கியவருடையது என்று ஆலை வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இல் ஆலை மூடலை உறுதிசெய்தபோது, கசடை அகற்றாததும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. அப்படியொரு மனை நாளை ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குத் தானமாக வந்தால்? கொடுத்தவர் புண்ணியத்தோடு போய்விடுவார். நோட்டீஸ் பட்டாதாரர் பெயருக்கு வரும். குழந்தைகளின் சோற்றுக்கு வைத்த பணம் வழக்கறிஞருக்கும் மண் சோதனைக்கும் போகும்.

கசடாவது கண்ணுக்குத் தெரிகிறது. கார்னெட், இல்மனைட்டுக்காகத் தோண்டிய கரையில் மோனசைட்டும் உண்டு, அதில் கதிரியக்கத் தோரியம் உண்டு. தாது மணல் அள்ள மாநில அரசு 2013இல் தடை விதித்தது. சட்டவிரோதமாக அள்ளியவர்களிடம் ரூ.5,832 கோடியை வசூலிக்கலாம் என்றும் சிபிஐ விசாரிக்க வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பணக் கணக்கு வந்துவிட்டது, தோண்டிப்போட்ட மண்ணின் கணக்கு வரவில்லை. அதைக் கேட்க வேண்டிய விதிதான் இந்த நிலங்களைத் தாண்டிப் போகிறது. சுரங்கத்துக்கு வேறு சட்டம் இருக்கிறது என்பது அமைச்சகத்தின் பதில். லாரி லாரியாக மணல் போனபோது அந்தச் சட்டம் எங்கே இருந்தது?

அமைச்சகத்தின் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 1995இல் தூத்துக்குடி மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டெர்லைட்டுக்கு அனுமதி தந்தது இதே அமைச்சகம். ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. அதன் பிறகும் பாடம் படிக்கவில்லை. மாசு நில விதி வந்த இரண்டே மாதத்தில், 2025 செப்டம்பரில், மோனசைட் உள்ளிட்ட அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று உத்தரவிட்டார்கள். தோண்டும்போதும் கேட்க மாட்டார்கள், தோண்டிய பிறகும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விலக்கை அமைச்சகம் உடனே நீக்க வேண்டும். மாநில அரசும் தன் பங்குக்கு வழி காண வேண்டும். அதுவரை, அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்காமல் எந்தத் தானப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.