நேசமணி என்னும் வழக்கறிஞர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்ஷல் அ. நேசமணி சிலையாக நிற்கிறார். ஆண்டுதோறும் நவம்பர் 1-இல் அவருக்கு மாலை சூட்டப்படுகிறது. அவர் சட்டம் பயின்ற திருவனந்தபுரத்திலோ, என்னோடு ஆய்வு செய்யும் நண்பர்களுள் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. அங்குள்ள புகழும் இங்குள்ள மறதியும் ஒரே உண்மையை மறைக்கின்றன என்பது என் கருத்து. அரசியலுக்கு வந்த பின்னரும் அவர் வழக்கறிஞராகவே சிந்தித்தார்.

1895-இல் பள்ளியாடியில் பிறந்த நேசமணி 1921-இல் நாகர்கோவிலில் வழக்காடத் தொடங்கினார். அந்நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் ஏனையோருக்கு முக்காலியும் இடப்பட்டிருந்தன என்றும், அவர் முக்காலியை உதைத்துத் தள்ளினார் என்றும் கூறுவர். இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் நீதிமன்றத்தைத் துறந்து வெளியேறவில்லை. அதனுள்ளேயே சமமான இருக்கையைக் கோரினார். பிற்கால அரசியலிலும் அவர் வழி இதுவே.

1947-இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் இணைந்த அவர், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தமிழ்ப் பகுதிகளின் இணைப்பை வலியுறுத்தினார். போராட்டம் தெருவுக்கும் வந்தது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பறிபோயின. அப்போதைய முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையும் வழக்கறிஞரே. அவர் பதவி விலக வேண்டுமென்று அவருடைய கட்சியைச் சேர்ந்த ராம் மனோகர் லோகியாவே கோரினார்.

எனினும் எல்லையைத் தீர்மானிக்கும் வழக்கு பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் நடந்தது. அங்கே தாலுகாவே அலகு. குடிக்கணக்கின் தாய்மொழி எண்ணிக்கையே முதன்மைச் சான்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன.

தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. அங்கும் தமிழர் மிகுதி என்பதைக் கணக்கே காட்டியது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். வந்து போகும் மக்களாகவே அவர்கள் கருதப்பட்டனர். கேரளத்தின் பொருளாதாரத் தேவையும் எடைபோடப்பட்டது. சான்றுகளால் வாதிடும் அரசியலின் எல்லை இங்கேதான் வெளிப்படுகிறது. நிலத்தில் வேரூன்றியவரின் மொழி சான்றாயிற்று. தேயிலை பறித்து வாழ்ந்தவரின் மொழி அவ்வளவு எடை பெறவில்லை. இது நேசமணியின் தோல்வியன்று. எவருடைய வாழ்வு சான்றாகும் என்பதை வழக்கறிஞர் தீர்மானிப்பதில்லை, மன்றமே தீர்மானிக்கிறது.

தமிழில் எழுதுவோர் பலர் இதை மலையாளிகளின் சூழ்ச்சியாகவும், மலையாளத்தில் எழுதுவோர் பலர் ஐக்கிய கேரளத்திற்குக் கொடுத்த விலையாகவும் காண்கின்றனர். இருவர் எழுத்திலும் தோட்டத் தொழிலாளர் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர்.

இரு மொழிகளையும் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் இந்நகரில் குறைவில்லை. திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் ஆணையத்தின் அறிக்கையையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியவர்கள் நாமே. தம்மைக் குறித்த அவ்வழக்கில் தேவிகுளத்துத் தொழிலாளர் தம் குரலில் பேசிய இடம் எங்கேனும் உண்டா? முனைவர் பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் இளையோர் இக்கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.