பாலுக்குள் ஒரு பயிர்ச்செய்கை

2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் பல்லாயிரம் குடும்பங்கள் வீடுகளை மீளக் கட்டின. இந்திய அரசாங்கத்தின் வீடமைப்புத் திட்டமும் அதற்குக் கைகொடுத்தது. மண்சுவருக்குச் சாணமும் சுண்ணாம்பும் பூசிய இடத்தில், இன்று வாளியாக வாங்கும் ‘எமல்ஷன்’ வர்ணம் பூசப்படுகிறது. அவ்வாளியின் விலை குடும்பத்துக்குச் சிறிதன்று. ஆதலால் அதனுள் இருப்பது யாதென அறிதல் நன்று. நீரிற் கலக்கிப் பூசும் வர்ணம், உலர்ந்தபின் மாரி மழையிற் கரையாதிருப்பது எங்ஙனம்?

நிறப்பொடியைச் சுவரோடு பிணைப்பது வெண்ணிறமான ஒரு பால். நீரில் மிதக்கும் பல்பகுதிய நுண்மணிகளே அப்பால். ஒருபகுதியம் எனப்படும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உண்டாவதே பல்பகுதியம். ஒரு மணியின் பருமன் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கேயாம்.

இம்மணிகள் பிறக்கும் விதம் விந்தையானது. தொழிற்சாலைக் கலனில் நீர், எண்ணெய் போன்ற ஒருபகுதியத் திரவம், சவர்க்காரம், வினையைத் தொடக்கும் ஓர் உப்பு ஆகிய நான்கும் சேர்க்கப்படுகின்றன. கலக்கும்போது திரவம் சிறு துளிகளாகச் சிதறுகிறது. சவர்க்கார மூலக்கூறுகளோ ஐம்பது, நூறாகக் கூடி மிக நுண்ணிய திரள்களாகின்றன. சூடேறியதும் உப்பு உடைந்து சுயாதீன மூலிகங்களைத் தருகிறது. சங்கிலியைத் தொடக்குவன அவையே.

அம்மூலிகங்கள் பெரிய துளிகளுக்குட் செல்லும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் துளி ஒன்றுக்குத் திரள்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஆகவே மூலிகங்கள் பெரும்பாலும் திரள்களுக்குள்ளேயே நுழைகின்றன. அங்கே மணி கருக்கொள்கிறது. துளிகள் வெறும் களஞ்சியங்களாக நின்று, நீரினூடே மணிகளுக்கு உணவனுப்புகின்றன.

வன்னி மாணவர்க்கு இதனை விளக்க இரணைமடுக் குளமே போதும். துளியே குளம், நீர்ப்பரப்பே வாய்க்கால், மணியே வயல். சிறுபோகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி, குளத்து நீரைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் விதைப்பதெனத் தீர்மானிப்பர். பின்னர் புதுவயல் சேர்வதில்லை, விதைத்தவையே வளரும். கலனிலும் அவ்வாறே. ஆங்கு நீர் தீர்மானிப்பதை ஈங்குச் சவர்க்காரம் தீர்மானிக்கிறது. வளரும் மணிகள் தம் மேனியைப் போர்த்தச் சவர்க்காரத்தை இழுத்துக்கொள்வதால், எஞ்சிய திரள்கள் மறைகின்றன. அத்துடன் பிறப்பு நின்று, வளர்ப்பு மட்டும் தொடர்கிறது. இறுதியில் துளிகளும் வற்ற, மணிகள் தம்முள் இருப்பதை உண்டு முடிக்கின்றன.

இம்மூன்று கட்டங்களையும் அமெரிக்க அறிஞர் ஹார்க்கின்ஸ் 1947 இல் விளக்கினார். சிமித், ஈவார்ட் இருவரும் 1948 இற் கணக்காக வகுத்தனர். ஸ்ரைரீன் போல நீரில் அரிதாகக் கரையும் திரவமாயின், சவர்க்காரத்தை இரட்டித்தால் மணிகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும் என்பது அவர்கள் கண்ட விதி. அதே அளவு திரவம் அதிக மணிகளுக்குப் பங்கிடப்படுவதால், ஒவ்வொன்றும் சிறுக்கும். சிறிய மணிகள் நிறப்பொடியை நெருக்கமாகப் பற்றும். மூலிகம் எல்லாத் திரவங்களிலும் இதே வழியிற் செல்வதில்லை. வர்ணங்களிற் பயிலும் வைனல் அசெற்றேற்று நீரிற் சற்றே கரைவதாதலின், அதன் மணிகள் திரளின்றி நீரிலேயே கருக்கொள்வதும் உண்டு.

சுவரிற் பூசியபின் நீர் ஆவியாகிறது. மணிகள் ஒன்றையொன்று நெருக்கி, நசிந்து, சங்கிலிகள் பின்னிப் பிணைந்து ஒரே படலமாகின்றன. பின்னிய சங்கிலியை மழைநீர் பிரிக்கமாட்டாது. எனினும் படலம் உருவாகுமுன் மழை பட்டால் வர்ணம் வழிந்தோடும். செலவைச் சுருக்க நீரை மிகுதியாக ஊற்றினால், ஒரே பூச்சில் ஏறும் மணிகள் குறைந்து படலம் மெலியும். சுவரை ஒருமுறை கூடுதலாகப் பூச நேரும்.

ஆகவே வாளியிற் குறித்த அளவுக்கு மேல் நீர் சேர்க்காதீர்; வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வெளிச்சுவரைப் பூசி முடியுங்கள். உழைத்துக் கட்டிய வீட்டுக்கு அது நாம் செய்யும் சிறு காவல்.