ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

2025 செப்டம்பர் 18. ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தில், நள்ளிரவு தாண்டியதும் ஃபயர்வாலை அப்கிரேடு செய்யும் வேலை நடந்தது. வேலை முடிந்த பிறகு சாதாரண அழைப்புகள் எப்போதும்போலப் போய்க்கொண்டிருந்தன. 000 என்ற அவசர உதவி எண்ணுக்கான அழைப்புகள் மட்டும் சில மாநிலங்களில் போகவில்லை. நம் ஊர் 108, 100 எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய 000. சுமார் 13 மணி நேரம் இப்படி. சில வாடிக்கையாளர்கள் கால் சென்டருக்குப் புகார் சொல்லியும் அது மேலே போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான அழைப்புகள் வீணாயின. அழைத்தும் பதில் கிடைக்காத வீடுகளில் மரணங்களும் நிகழ்ந்தன.

ஃபயர்வால் என்பது அபார்ட்மென்ட் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி மாதிரி. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்ற பட்டியல் அதன் கையில் இருக்கும். உங்கள் ஊர் ஸ்கேன் சென்டர், கூட்டுறவு வங்கி, பள்ளிக்கூட அலுவலகம் என எல்லா இடத்திலும் இன்டர்நெட்டுக்கு நடுவே இந்தப் பெட்டி இருக்கும். அது படுத்துவிட்டால் பில் போட முடியாது, ரிப்போர்ட் அனுப்ப முடியாது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பெட்டிகளாக வாங்குவார்கள். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று முதல் பெட்டி அதில் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஹார்ட்பீட் என்றே இதற்குப் பெயர். துடிப்பு நின்றால் சில விநாடிகளில் இரண்டாவது பெட்டி பொறுப்பேற்கும். பவர் சப்ளை எரிந்துபோவது, ஃபேன் நின்றுபோவது போன்ற கோளாறுகளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த இரட்டையர்கள் ஒருவரையொருவர் காப்பியடிப்பவர்கள். இரவு 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தவறான விதியை அழித்துவிட்டால், அடுத்த கணமே ஸ்டாண்ட்பை பெட்டியிலும் அது அழிந்துவிடும். மென்பொருளில் ஓட்டை இருந்தால் இரண்டிலும் அதே ஓட்டை. ஃபயர்வால் இல்லையென்றாலும், 2023 ஆகஸ்ட் 28-ல் பிரிட்டனின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் நடந்தது இதே கதைதான். ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் வெவ்வேறு கண்டங்களில் உள்ள இரண்டு இடங்களுக்கு ஒரே குறியீடு இருந்தது. முதன்மைக் கணினி குழம்பி நின்றது. மாற்றுக் கணினி பொறுப்பேற்று, அதே திட்டத்தைப் படித்து, அதே இடத்தில் நின்றது. எல்லாம் 20 விநாடிக்குள். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அவதிப்பட்டார்கள்.

இன்னொன்று, இரண்டு பெட்டிகளும் ஒரே ரேக்கில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே தரைத்தளத்தில் இருக்கும். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வேறு ஊரில் ஒரு மாற்றுத் தளம் வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு ஃபயர்வால் இருக்கும். பாவம், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைமை அலுவலகத்தில் இரண்டு வருடமாகச் சேர்த்த விதிகள் அதில் இருக்காது. லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வெளியே இருக்கிறது. உங்களோடு பணப் பரிமாற்றம் செய்யும் வங்கியும், கிளெய்ம் அனுப்பும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் உங்கள் பழைய ஐபி முகவரியை மட்டும்தான் அவர்களுடைய ஃபயர்வாலில் அனுமதித்திருப்பார்கள். நீங்கள் வெற்றிகரமாக இடம் மாறியிருப்பீர்கள். அவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அப்போதுதான் யாராவது ஒருவர், "இப்போதைக்கு எல்லாவற்றையும் அனுமதித்துவிடலாம் சார், நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்" என்பார். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் கதவைத் தேடி அலையும் புரோகிராம்களுக்கு உங்கள் ஊர் வெள்ளம் பற்றியெல்லாம் கவலை கிடையாது. தண்ணீர் வடிவதற்குள் ரேன்சம்வேர் உள்ளே வந்திருக்கும்.

சரி, ஒத்திகை பார்க்கலாமா? 2021 பிப்ரவரி 24-ல் தேசியப் பங்குச் சந்தையில் தொழில்நுட்பக் கோளாறால் காலை 11.40-க்கு நின்ற வர்த்தகம், மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. மாற்றுத் தளம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை. 2024-ல் மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும் அதே சந்தை நிஜ வர்த்தகத்தையே நடத்தி, நடுவில் மாற்றுத் தளத்துக்கு மாறிப் பார்த்தது. எனக்குப் பிடித்த ஒத்திகை இதுதான்.

உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு சனிக்கிழமை மாலை போதும். முதல் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். பச்சை விளக்கு எரிகிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பில் போட்டுப் பாருங்கள், கியூஆர் கோடில் ஒரு ரூபாய் வாங்கிப் பாருங்கள், கிளை அலுவலகத்துக்கு ஒரு ஃபைல் அனுப்பிப் பாருங்கள். எந்த வேலை நின்றால் ஓர் உயிருக்கு ஆபத்தோ, அதை முதலில் சோதியுங்கள். ஆப்டஸில் மற்ற அழைப்புகள் எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஃபயர்வால் அமைப்புகளின் பிரதி அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். கூடவே ஒரு தாளில் பாஸ்வேர்டு, மென்பொருளின் பதிப்பு எண், இன்டர்நெட் கம்பெனியின் போன் நம்பர். பதிப்பு எண் ஏன் என்றால், அலமாரியில் கிடக்கும் பழைய பெட்டி புதிய பதிப்பின் பிரதியைப் பெரும்பாலும் ஏற்காது.

கடைசியாக, சர்வீஸுக்குப் போன பெட்டி திரும்பி வரும் நாள். எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது அதை மாட்டுவார்கள். அமைப்பு சரியில்லையென்றால், 'நான்தான் மூத்தவன்' என்று அது தலைமையைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலை, சில சமயம் வெறும் பட்டியலையே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் எழுதிவிடும். கேபிளைச் சொருகும் முன் ஓடுகிற பெட்டியிலிருந்து அன்றைய பிரதி ஒன்றை பென் டிரைவில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.