ஓய்வு நாளில் வட சென்னைக்கும் வாருங்கள்



கொல்கத்தாவிலிருந்து குமரிக்குச் சைக்கிளில் செல்லும் குழுவினர் சென்னையில் கழித்த ஓய்வு நாள் பற்றிய கட்டுரை படித்தேன். மயிலாப்பூர், மெரினா, கோட்டை எல்லாம் சரி. எண்ணூர் வழியாகவே ஊருக்குள் நுழைந்தவர்கள் எங்கள் பகுதியை ‘லாரிப் புழுதி’ என்று ஒரே வரியில் முடித்ததில்தான் வருத்தம். புழுதி பொய்யில்லை. துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்ட எனக்கே பயம்.

இப்படிச் சைக்கிளில் வந்த என் மருமகனின் நண்பர்களை ஓய்வு நாளில் சைக்கிளைத் தொடவே விடவில்லை. மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடிக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள கோயிலில் புற்று வடிவான ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர்; கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசமில்லாத தரிசனம். பிறகு கடலோரம் பட்டினத்தார் சமாதி. மாலையில் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. உயர்ந்த தூண்களைப் பார்த்து, "இது கோர்ட்டா சார்?" என்றார் ஒருவர்! இருட்டியதும் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும். கால் வலியைக்கூட மறந்துவிட்டார்கள்.

ராயபுரம் நிலைய வாசலில் சைக்கிளைப் பூட்டிவைக்க நாலு இரும்புக் கம்பியும், நிலையத்தின் வரலாற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் பெரிய பலகையும் வைக்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கென்று தடுப்புடன் தனிப் பாதை ஒதுக்கினால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர்,
காலடிப்பேட்டை, சென்னை-19