சுருட்டை முடிக்கு ஒரு நல்ல கட்டிங்!

உலகத்தில் எத்தனையோ பிரச்சினை இருக்க, முடிவெட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்முடிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். சீப்பை எடுத்தோமா, நாலு இழுப்பு இழுத்தோமா, கிளம்பினோமா என்று வாழ்கிறவர்கள். சுருட்டை முடிக்காரர்களின் கதையே வேறு. சலூன் நாற்காலியில் உட்காரும்போது இருந்த தலை ஒன்று, வீட்டுக்கு வந்து குளித்துக் காய்ந்த பிறகு கண்ணாடியில் தெரியும் தலை இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது!

இந்த விஷயத்தில் அரக்கோணத்துக்கு ஒரு தனி இடம் கொடுக்கலாம். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதையில் இருக்கும் ஊர். ரயிலுக்கு அடுத்தபடியாக இந்த ஊருக்கு அடையாளம் சீருடை. 1992ல் தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமான தளம் இங்கே. தேசிய பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இங்கே. பக்கத்திலேயே தக்கோலத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். இத்தனை சீருடைகள் ஒரு ஊரைச் சுற்றி இருந்தால் எந்த கட்டிங்குக்கு மதிப்பு இருக்கும்? காதோரம் ஒட்ட வெட்டிய மெஷின் கட்டிங்குக்குத்தான். படையில் இருப்பவர்களுக்கு அது வேலையின் ஒரு பகுதி. ஆனால் பத்தாவது படிக்கிற சுருட்டை முடிப் பையனுக்கும் அதையேதான் "நீட்டான கட்டிங்" என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்கிறார்கள்.

அது சரிவராவிட்டால் பெரியவர்கள் கையில் இன்னொரு வைத்தியம் தயாராக இருக்கிறது. "திருத்தணியில போய் ஒரு மொட்டை போட்டுடுங்க, அடுத்து முளைக்கிறது நேரா வரும்." ரயில் ஏறினால் அரை மணிக்குள் திருத்தணி. 2021 செப்டம்பரில் அறநிலையத்துறை கோயில்களில் மொட்டைக்கான கட்டணத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். அப்புறம் என்ன?

மொட்டை என்பது முருகனுக்குச் செலுத்தும் வேண்டுதல். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை முடியைத் திருத்தும் வைத்தியமாக நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முடி சுருளுவதா, நேராக வளருவதா என்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையில் முடிவாகிற விஷயம். வேர்ப்பை வளைந்திருந்தால் முடியும் வளைந்தே வெளியே வரும். கத்தி தோலுக்கு மேலே மட்டும்தான் போகும், வேர்ப்பையைத் தொடாது. சில குழந்தைகளுக்கு வயது ஏற ஏற முடியின் தன்மை தானாக மாறுவதுண்டு. மொட்டை போட்ட சமயத்தில் அந்த மாற்றமும் சேர்ந்து நடந்தால் பெயர் கத்திக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுருட்டை முடியின் கட்டிங் ஏன் கெட்டுப்போகிறது?

முதல் காரணம் தண்ணீர். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் விட்டுப்போகும், காய்ந்தால் மறுபடி சேரும். அதனால் ஈரமான சுருள் நீண்டு தொங்கும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறும். சலூனில் ஸ்பிரே பாட்டிலை எடுத்து சளசளவென்று நனைத்து, சீப்பால் இழுத்துப் பிடித்து ஒரு அங்குலம் வெட்டினால், காய்ந்த பிறகு இரண்டு மூன்று அங்குலம் போன மாதிரி இருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறாது. ஒரே தலையில் பின்கழுத்துப் பக்கம் ஒரு மாதிரியும் உச்சியில் வேறு மாதிரியும் சுருளும். ஈரத்தில் சமமாகத் தெரிந்த கட்டிங் காய்ந்ததும் மேடு பள்ளமாகிவிடும்.

இரண்டாவது காரணம் பல் வைத்த கத்தரி. "முடி ரொம்ப அடர்த்தியா இருக்கு, கொஞ்சம் தின் பண்ணிடுறேன்" என்று அன்பாகத்தான் செய்கிறார்கள். நேர்முடியில் அது வேலை செய்யும். சுருட்டையில் உள்ளே குட்டையாக வெட்டுப்பட்ட முடிகள் ஸ்பிரிங் மாதிரி எழும்பி மேலே இருக்கும் முடிகளைத் தள்ளும். அடர்த்தியைக் குறைக்கப் போய் தலை இன்னும் பெரிதாகிவிடும்!

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டுவது. பெண்களின் நீண்ட சுருட்டை முடியை அடியில் நேர்கோடாக வெட்டினால் மேலே சப்பையாகவும் கீழே விரிந்தும் முக்கோணமாக நிற்கும். அடுக்கடுக்காக வெட்டினால்தான் எடை பிரியும், சுருளும் விழும்.

இதையெல்லாம் வைத்து முடிதிருத்துபவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் நியாயமில்லை. தமிழ்நாட்டில் இந்தத் தொழில் செய்யும் சமூகத்துக்கு "மருத்துவர்" என்ற பெயரும் உண்டு. ஒரு காலத்தில் ஊருக்கு வைத்தியமும் பிரசவமும் பார்த்தவர்கள். இன்றும் அந்தக் கைக்குத் திறமை குறைவில்லை, இல்லாதது நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சு முழுக்க ஆள், எல்லோருக்கும் ஒரே ரேட். சுருட்டை முடியைக் காயவைத்து, ஒவ்வொரு சுருளாகப் பார்த்து வெட்டினால் இரண்டு பேருக்கு ஆகிற நேரம் ஒருவருக்கே ஆகும். அந்த நஷ்டத்தை அவர் ஏன் சுமக்க வேண்டும்? பெரிய ஊர்களில் ஏசி சலூனில் கேட்ட காசை எடுத்து வைக்கிறவர்கள், தெருமுனைக் கடையில் மட்டும் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுவது என்ன நியாயம்?

இன்னொரு பக்கம், முடியையே மாற்றிவிடலாம் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று பெயர் பல. கல்யாணத்துக்கு முன்னால், வேலை இன்டர்வியூவுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். ரீபாண்டிங்கில் ரசாயனம் போட்டு முடிக்குள் இருக்கும் சல்ஃபர் பிணைப்புகளை உடைத்து, நேராக்கி, மறுபடி சேர்ப்பதுதான் வேலை. வேர்ப்பை மாறாததால் புதிதாக முளைப்பது சுருட்டையாகவே வரும். மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முடி வளரும் என்பதால் ஆறு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே கம்பி! பிறகு திரும்பவும் செலவு.

செலவோடு போனால் பரவாயில்லை. அமெரிக்காவில் 33,000க்கும் அதிகமான பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022 அக்டோபரில் வெளியானது. முடி நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவிகிதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவிகிதம் என்று கணக்கிட்டார்கள். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர ரசாயனம்தான் காரணம் என்று நிரூபித்துவிடவில்லை. மொத்த அபாயமும் குறைவுதான். ஆனாலும் பிறவியில் வந்த முடியை மறைப்பதற்காக இப்படி ஒரு சந்தேகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

இத்தனைக்கும் சுருள் என்பது தமிழுக்கு அந்நியமானது இல்லை. பெண்களின் கூந்தல் அலங்காரத்தை ஐந்தாகப் பிரித்து "ஐம்பால்" என்றார்கள், அதில் ஒன்றின் பெயரே சுருள். எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்தில் ஊரே "பாகவதர் கிராப்" வைத்துக்கொண்டு அலைந்தது. பிறகு எங்கேயோ பாதை மாறிவிட்டது. 1977ல் வந்த "16 வயதினிலே" படத்தில் வில்லனுக்குப் பெயரே பரட்டை. வகுப்பில் சுருட்டை முடிப் பிள்ளைகளுக்கு வைக்கப்படும் பட்டப்பெயரும் அதுதான். சீவாத முடிக்குத்தான் பரட்டை என்று பெயர். சீவினாலும் சுருளுகிற முடிக்கு அது எப்படிப் பொருந்தும்? 2015ல் "பிரேமம்" வந்தபோது அனுபமா பரமேஸ்வரனின் சுருட்டை முடியை ரசிக்காதவர்கள் இல்லை. திரையில் ரசித்த அதே முடியை வீட்டுப் பிள்ளையிடம் பார்த்தால் மட்டும் "என்ன இது கோலம்?" என்கிறார்கள். என்ன கொடுமை சார் இது! அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019ல் முடியின் இயல்பை வைத்துப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே போட்டது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆசிரியர்கள் கொஞ்சம் யோசித்தாலே போதும். சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும், நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம்.

அரக்கோணத்திலேயே நல்ல கட்டிங் கிடைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்கு சென்னைக்கு மின்சார ரயில் ஏற வேண்டியதில்லை.

பெரும்பாலான சலூன்களுக்குச் செவ்வாய் லீவு, ஞாயிறு கூட்டம். திங்கள் அல்லது புதன் மதியம் கடை காலியாக இருக்கும், அப்போது போகலாம். அன்று தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், சீவாமல், தானாகக் காயவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் சுருள் எங்கே எப்படி விழுகிறது என்று வெட்டுபவருக்குத் தெரியும். (மற்ற நாட்களில் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வே சொல்கிறது.) உட்கார்ந்ததும் முதல் வார்த்தை: "அண்ணா, தண்ணி அடிக்காம வெட்டுங்க." ஸ்பிரே பாட்டிலைத்தான் சொல்வது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் :-) அடுத்தது, "மெஷின் சைடுல மட்டும் போதும், தின்னிங் வேணாம்." எவ்வளவு நீளம் என்பதைக் காய்ந்த முடியில் விரலை வைத்தே காட்ட வேண்டும். நடிகர் படத்தைக் காட்டுவதைவிட, முன்பு ஒருமுறை தனக்கே நன்றாக அமைந்த கட்டிங்கின் போட்டோவைக் காட்டுவது மேல். அந்த நடிகருக்கு நேர்முடியாக இருந்தால் வெட்டுபவர் என்னதான் செய்வார்?

முதல் தடவை குறைவாக வெட்டச் சொல்வது புத்திசாலித்தனம். அதிகமாகப் போய்விட்டால் சரியாக மூன்று மாதம் ஆகும், குறைவாக இருந்தால் அடுத்த வாரமே போய்க் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, ஒரே ஆளிடம் தொடர்ந்து போக வேண்டும். நாலாவது தடவை அந்தத் தலை அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ரேட்டுக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதும் மரியாதை. அடுத்த முறை பாட்டிலை எடுக்காமல் அவரே, "காய வச்சுட்டு வந்தியா தம்பி?" என்று கேட்பார். அப்படிக் கேட்கிற ஒருவர் ஊரில் இருந்தால் போதும். அவரிடம் போகிற பிள்ளைகளை யாரும் பரட்டை என்று கூப்பிட வேண்டிய அவசியமே வராது.