சைக்கிளும் வயிறும்

பொத்தேரியிலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் மார்க்கமாக மாமல்லபுரம் சுமார் 45 கிலோமீட்டர். வெறுங் காப்பியோடு ஒருமுறை சைக்கிளில் புறப்பட்டோம். கழுக்குன்றத்து மலை தெரியும்போதே கால்கள் சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டன, கண்ணும் இருண்டது. இரண்டு வாழைப்பழம் தின்று, புளிய மரத்தடியில் வெகுநேரம் கிடந்த பிறகே உயிர் வந்தது.

தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து, விரைந்து மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். ஆகையால், பசிக்கும் வரை காத்திராமல், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. வெல்லம் பிசைந்த அவலும் அவ்வாறே உதவும். உறையில் அடைத்து விற்கும் வர்ணப் பசைக்கு நம் வாலிபர்கள் ஏன் காசைக் கொட்டுகிறார்களோ, அறியோம்!

சத்துள்ளதென்று எண்ணிக் கேழ்வரகுக் களியைப் புறப்படும் தறுவாயில் உண்பதும் பிசகு. நார்ப்பொருள் வயிற்றில் தங்கிச் சங்கடம் செய்யும். அது முந்தின இரவுக்கு உரியது. கடலைமிட்டாயிலும் கொழுப்பு மெல்லவே ஜீரணமாகும். இறங்கி நிற்கையில் தின்னலாம். வேர்வைக்கு உப்பிட்ட மோர்.

சென்ற ஞாயிறன்று அவல் பொட்டலத்துடன் சென்று, கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு, பகல் போஜனத்துக்கு வீடு திரும்பினோம்.