கோபான் யானையும் நம்மூர்த் தீப்பாய்ந்த அம்மன்களும்

ஹோண்டுராஸ் நாட்டின் கோபான் நகரில், பொ.ஆ. 731இல் மாயர் நிறுத்திய கல்லொன்று உண்டு. அதில் செதுக்கப்பட்ட அரசனின் தலைக்கு மேலே வளைந்த மூக்குகள் இரண்டு. அவை யானைத் துதிக்கைகள், மேலே இருப்பவர்கள் தலைப்பாகை கட்டிய பாகர்கள் என்று வாதிட்டு 1924இல் எலியட் ஸ்மித் ஒரு புத்தகமே எழுதினார். அவை மக்கா கிளியின் அலகுகள். கிளியின் பெயர் தாங்கிய மலையை அக்கல்லின் எழுத்தே குறிப்பிடுகிறது. ஆயினும் அந்த யானைக்கு நம்மிடையே இன்னும் தீனி போடுகிறார்கள்.

சிலம்பு பேசும் மயனும் நடு அமெரிக்க மாயரும் ஒன்றே என்பது அத்தகைய தீனிதான். குமரிக் கடலில் வள்ளுவரை நிறுத்திய வை. கணபதி ஸ்தபதியும் இக்கருத்தினர். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளையார்பட்டிக்காரரான அவருடைய கைத்திறத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் உளியின் தேர்ச்சி வரலாற்றுச் சான்றாகிவிடாது. பெயரொலி ஒத்தால் உறவு என்றால் உலகில் உறவினர் அல்லாதார் யார்?

மாயர் கல்லுக்குச் சொந்த வாய் உண்டு. அதில் உள்ளவர்கள் தெய்வங்களல்லர், பிறந்து பட்டமேறி இறந்த மன்னர்கள் என்பதை 1960இல் தத்தியானா புரோஸ்கூரியாகோஃப் நாள்கணக்கைக் கொண்டே நிறுவினார். யாஷ்சிலான் நகரத்து வாயில் உத்தரக் கல் ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசன் தீவட்டி ஏந்தி நிற்க, அரசி மண்டியிட்டு முட்கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். ஆண்டு 709. அவள் பெயர் கபல் ஷோக் என்பதும் அக்கல்லிலேயே உண்டு. அவளைத் தமிழச்சியாக்குவது பெருமையன்று, அவள் பெயரைப் பறிப்பது.

சரி, நம் பெண்களின் கற்கள் என்னவாயின? கிழவன் சேதுபதி 1710இல் இறந்தபோது 47 பெண்கள் உடன் தீப்புகுந்ததாகச் சேசு சபைப் பாதிரிமார் எழுதிவைத்தனர். அரண்மனைக்கு வெளியேயும் இக்கொடுமை நடந்தது. வளையணிந்த கை உயர்ந்து நிற்கும் சதிக்கல் அதன் சாட்சி. கண்மாய்க்கரையில் தீப்பாய்ந்த அம்மனாக நிற்கும் அக்கல்லுக்குப் பூசையாவது நடக்கிறது. கும்பிடும் ஊராரை நாம் குறைசொல்லவில்லை. படித்தவர்களைத்தான் கேட்கிறோம். எண்ணெயும் எனாமல் பெயிண்டும் ஏறி வளையல்களும் கொண்டையும் வழுவழுப்பாகிவிட்டன. அவற்றைப் படமெடுத்து அளந்து எழுதிவைக்க ஹோண்டுராஸ் வரை போகவேண்டியதில்லை, நகரப் பேருந்தே போதும்.

மயன் கட்டுரை எழுதும் அன்பர்கள் அடுத்ததைத் தொடங்குமுன் தத்தம் ஊர்க் கண்மாய்க்கரைக்கு ஒருமுறை போய்வரட்டும். அடுத்த கொடைக்குப் பெயிண்ட் டப்பா வருமுன் போனால் நலம்.